பாட்டுகளை ஏற்றியபின் அசையாமல் நின்றுவிடும் எம்பி3 பிளேயர்: கார்டை அழிக்காமல் சரிசெய்ய வழி உண்டா?

தங்கச்சிமடம் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பா வைத்திருக்கும் சிறிய எம்பி3 பிளேயர், கணினியில் இணைத்துப் பாட்டுகளை ஒத்திசைத்துக் கழற்றிய பிறகு அசைவற்று நின்றுவிடுகிறது. மூன்று வாரமாக எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்துவிட்டேன். எந்தச் சிறு செய்தி உங்களுக்கு உதவும் என்று தெரியாததால் விவரத்தைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 74 வயது. நாட்டுப்படகில் வடகடலும் தென்கடலும் போய்வந்தவர். கண்புரை அறுவைக்குப் பிறகும் கைப்பேசியின் தொடுதிரை அவருக்குக் கைவரவில்லை. இந்தப் பிளேயரின் ஐந்து பட்டன்களை மட்டும் அவர் விரல் நன்றாக அறியும். திரையைப் பார்க்காமலேயே வேண்டிய பாட்டை எடுத்துவிடுவார். அதனால் இதற்கு மாற்றாகப் புதிய கைப்பேசி வாங்கித் தருவது எங்களுக்குத் தீர்வாகாது.

கருவியின் உள்நினைவகம் 8 ஜிபி. அதனுடன் 32 ஜிபி மெமரி கார்டு ஒன்றும் செருகியிருக்கிறோம். கணினியிலிருந்து கழற்றியதும், பாடல் பட்டியல் புதுப்பிக்கப்படுவதாகத் திரையில் ஓர் அறிவிப்பும் அதன் கீழே ஒரு கோடும் வரும். முன்பெல்லாம் நான்கு நிமிடத்துக்குள் அந்தக் கோடு நிறைந்துவிடும். இப்போது முக்கால் பங்குக்கு வந்ததும் நின்றுவிடுகிறது. எந்தப் பட்டனை அழுத்தினாலும் பயனில்லை. திரை விளக்குகூட அணைவதில்லை. ஒருநாள் இரவு முழுவதும் அப்படியே விட்டுப் பார்த்தேன். விடியும்போது பேட்டரி தீர்ந்து அணைந்திருந்தது. சார்ஜ் ஏற்றி மறுபடி இயக்கியபோது அதே கோடு, அதே இடத்தில் நின்றது. பவர் பட்டனை இருபது நொடி அழுத்திப் பிடித்தால் அணைகிறது, அவ்வளவுதான். ஆனால் கார்டைக் கழற்றிவிட்டு இயக்கினால் ஒரு குறையும் இல்லை. உள்நினைவகத்தில் உள்ள பாடல்கள் ஒலிக்கின்றன. பாம்பனின் கடல் ஓசை 90.4 வானொலியும் தெளிவாகக் கேட்கிறது.

கெடுவதற்கு முன் நடந்தவை இரண்டு. என் அண்ணன் விசைப்படகில் தொழில் செய்வதால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில்தான் எங்கள் குடும்பம் ஒன்றுகூடும். அப்போது சென்னையிலிருந்து வந்த அண்ணன் மகன், கார்டைத் தன் மேக் மடிக்கணினியில் போட்டு, கலைந்து கிடந்த கோப்புகளைத் தாத்தாவுக்காக வரிசைப்படுத்தி, எல்லாவற்றுக்கும் தமிழில் தலைப்பும் சிலவற்றுக்கு முகப்புப் படமும் சேர்த்துக் கொடுத்தான். அவன் ஊருக்குப் போன மறுநாள், எங்கள் வீட்டு விண்டோஸ் கணினியில் தேவாலயப் பாடல்கள் சிலவற்றை நான் அதில் ஏற்றினேன்; ஏறிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய்விட்டது. இரண்டில் எதனால் கெட்டது என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை.

கார்டில் 24 கோப்புறைகளும் ஏறத்தாழ 1,180 பாட்டுகளும் இருக்கின்றன. அவற்றில் 46 கோப்புகள் வேறு எங்கும் கிடைக்காதவை. கரைவலை இழுக்கும்போது அப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் பாடிய அம்பாப் பாட்டுகளைப் பத்து ஆண்டுகளுக்கு முன் கைப்பேசியில் நான் பதிவு செய்தேன். ஒருவர் ஏலேலோ என்று எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் கயிற்றை வாங்கிக்கொண்டே திருப்பிப் பாடுவார்கள். பாடியவர்களில் மூவர் இன்று இல்லை. பதிவு செய்த கைப்பேசியும் போய்விட்டது. ராமநாதபுரத்தில் ஒரு கடையில் காட்டியபோது, கார்டை ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும் என்றார்கள்; நான் கார்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அழிக்காமல் சரிசெய்ய வழி இருந்தால் சொல்லுங்கள்.

மண்டபம் மாணவர் எழுதியது:

அக்கா, வணக்கம். கார்டு இல்லாமல் கருவி நன்றாக இயங்குகிறது என்று நீங்கள் எழுதியதே பாதிச் சிக்கலை அவிழ்த்துவிடுகிறது. பட்டன், திரை, பேட்டரி, உள்நினைவகம் ஆகிய எதையும் இனி ஐயப்பட வேண்டியதில்லை. எஞ்சி நிற்பவை கார்டு செருகும் இடம், கார்டு, கார்டில் உள்ள கோப்புகள் ஆகிய மூன்றுதான்.

என் ஐயம் முதலில் அந்த மின்தடையின் மேல்தான் போகிறது. 32 ஜிபி கார்டுகளில் பெரும்பாலும் ஃபேட்32 என்னும் கோப்பு முறைமை இருக்கும். அதில் ஒரு பாட்டு ஒரே இடத்தில் தொடர்ச்சியாகக் கிடக்க வேண்டும் என்பதில்லை. பல துண்டுகளாகச் சிதறிக் கிடக்கலாம். இந்தத் துண்டுக்கு அடுத்த துண்டு எது, அதற்கடுத்தது எது என்று சங்கிலிபோலக் குறித்துவைக்கும் அட்டவணை ஒன்று கார்டின் தொடக்கத்தில் இருக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், அந்த அட்டவணை பாதி பழையதாகவும் பாதி புதியதாகவும் நின்றுவிடலாம். அப்போது ஒரு சங்கிலி மற்றொன்றுக்குள் புகுந்துவிடலாம், முடிவில்லாமல் தன்னையே சுற்றியும் வரலாம். கணினி இதைக் கண்டால் பிழை என்று அறிவித்து நகர்ந்துவிடும். சிறு கருவிகள் பலவற்றின் மென்பொருளில் அந்த முன்னெச்சரிக்கை இருக்காது. சங்கிலி முடியும் முடியும் என்று அது தேடிக்கொண்டே நிற்கும். வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு அது அசையாமல் நிற்பதாகத் தோன்றும்.

விண்டோஸில் கார்டின் மேல் வலது சொடுக்கிட்டு, பண்புகள், அதில் கருவிகள், அதில் பிழை சரிபார்ப்பு என்று போய் ஓடவிடுங்கள். அதன் பிறகும் நின்றால், பாட்டுகளைக் கணினிக்கு எடுத்துக்கொண்டு கார்டை ஃபார்மட் செய்து மீண்டும் ஏற்றுவதே நல்லது என்று நினைக்கிறேன்.

தொண்டி பழுதுபார்ப்பவர் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். தொண்டியில் பதினெட்டு ஆண்டுகளாகக் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். மண்டபம் தம்பி சொன்ன காரணத்தில் குறையில்லை. ஆனால் அவர் சொன்ன வரிசையை மட்டும் மாற்றச் சொல்வேன். பிழை சரிபார்ப்பு என்பது வெறுமனே பார்த்துச் சொல்லும் வேலை அன்று. அறுந்த சங்கிலிகளை வெட்டி, எஞ்சிய துண்டுகளைப் பெயர் தெரியாத கோப்புகளாக ஒரு தனிக் கோப்புறையில் போட்டுவிடும். பெரும்பாலும் நன்மையாகத்தான் முடியும். ஆயினும் திரும்பப் பதிவு செய்ய முடியாத குரல்கள் இருக்கும் கார்டில், படி எடுக்காமல் அதை ஓடவிட நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். கடைக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்திருக்கிறேன். பிள்ளையின் முதல் படம் போய்விட்டது என்று அழுதவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஆகவே முதலில் இதைச் செய்யுங்கள். கார்டைச் செருகிக் கணினியில் போடும் பெரிய அடாப்டரின் பக்கவாட்டில் நகரும் சிறு தாழ்ப்பாள் ஒன்று இருக்கும். அதைப் பூட்டும் பக்கம் தள்ளிவிட்டால் கணினி கார்டைப் படிக்கும், அதில் எழுதாது. அந்த நிலையில் வைத்து, முதலில் அந்த 46 கோப்புகளை மட்டும் கணினிக்கு எடுங்கள். பிறகு அவற்றையே ஒரு பென்டிரைவுக்கும் எடுங்கள். அதற்குப் பின் மற்றவை. கோப்பின் பெயர் தெரிகிறது என்பதால் பாட்டு வந்துவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் கடைசி நொடி வரை கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, கார்டு செருகும் இடம். நம் கரையில் இதைச் சொல்லாமல் விட முடியாது. சோழகம் என்னும் தென்காற்று வீசும் இந்த மாதங்களில் என் கடைக்கு வரும் செட்டுகளைத் திறந்தால், செம்பு இருக்கும் இடமெல்லாம் களிம்பு பூத்திருக்கும். மைக்ரோ எஸ்டி கார்டின் பின்புறம் உள்ள 8 பொன்னிறத் தகடுகளில் ஒன்று மங்கினாலும் படிப்பது தடுமாறும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சால் துடைத்து, நன்றாக உலரவிட்டுப் பொருத்துங்கள். அழிரப்பரால் தேய்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அதன் துகள் செருகும் இடத்துக்குள் போய் இன்னொரு சிக்கலை உண்டாக்கும். ஆனாலும் உங்கள் கருவியின் நோய் இதுவாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. களிம்பால் வரும் தடுமாற்றம் இன்று ஓரிடத்தில் வரும், நாளை வேறிடத்தில் வரும். உங்களுடையது ஒவ்வொரு முறையும் அதே முக்கால் பங்கில் நிற்கிறது. அப்படி நிற்பது கோப்புகளின் வேலை.

போலிக் கார்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 32 என்று அச்சிட்டு உள்ளே 8 மட்டும் இருக்கும் கார்டுகள் சந்தையில் உண்டு. எல்லைக்கு மேல் ஏற்றிய பாட்டுகளின் பெயர் தெரியும், உள்ளே ஒன்றும் இருக்காது. எல்லாம் ஒலிக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும்போதே அதுவும் தெரிந்துவிடும்.

தங்கச்சிமடம் ஆசிரியை எழுதியது:

இருவருக்கும் நன்றி. தொண்டி அண்ணன் சொன்ன வரிசையிலேயே செய்தேன். அடாப்டரைப் பூட்டிவைத்து 46 கோப்புகளையும் கணினிக்கும் பென்டிரைவுக்கும் எடுத்தேன். மூன்று இரவுகள் அப்பாவும் நானும் சேர்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டோம். 45 கோப்புகள் முழுமையாக ஒலிக்கின்றன. ஒன்று மட்டும் பாட்டின் நடுவில் அறுந்து நிற்கிறது. அது அன்று பதிவு செய்யும்போதே கைப்பேசி அணைந்துபோனதால் ஏற்பட்டது என்று இப்போது நினைவு வருகிறது. மற்ற கோப்புறைகளையும் எடுத்துவிட்டேன். அவை அனைத்தையும் முழுதாகக் கேட்க முடியவில்லை. ஒவ்வொரு கோப்புறையிலும் சிலவற்றைக் கேட்டதில் எதுவும் வெற்றாக இல்லை.

தகடுகளைத் துடைத்தும் மாற்றம் இல்லை. பிறகு பூட்டை நீக்கிப் பிழை சரிபார்ப்பை ஓடவிட்டேன். பிழை இருப்பதாகச் சொல்லித் திருத்தியது. தேவாலயப் பாடல்களில் இரண்டு சிதைந்து தனிக் கோப்புறைக்குப் போய்விட்டன. அந்த இரண்டையும் கணினியிலிருந்து மறுபடி ஏற்றினேன். இனி சரியாகிவிடும் என்று நம்பிக் கார்டைச் செருகினேன். கோடு அதே முக்கால் பங்கில் நின்றது.

படி எடுக்கும்போது இரண்டு செய்திகள் கண்ணில் பட்டன. ஒவ்வொரு பாட்டுக்கும் துணையாக, அதே பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் ஓர் அடிக்கோடும் சேர்ந்த இன்னொரு கோப்பு 4 கேபி அளவில் இருக்கிறது. அவை எப்படி வந்தன என்று அண்ணன் மகனுக்கும் தெரியவில்லை. அடுத்து, அம்பாப் பாட்டுகள் எல்லாம் முன்பு இருந்ததைவிடப் பெரிதாகிவிட்டன. இரண்டு நிமிடப் பாட்டு ஒன்று முன்பு 2 எம்பிகூட இருக்காது. இப்போது 7 எம்பி காட்டுகிறது. பாட்டு நீளவில்லை, அளவு மட்டும் எப்படி வளர்ந்தது?

கீழக்கரை வாசி எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், சகோதரி. உங்கள் கடைசிப் பத்தியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் தாயாருக்காக வைத்திருந்த பிளேயரில் இதே துன்பத்தை இரண்டு மாதம் பட்டிருக்கிறேன்.

புள்ளியும் அடிக்கோடும் உள்ள கோப்புகளை முதலில் பார்ப்போம். மேக் கணினி ஒவ்வொரு கோப்போடும் சில கூடுதல் குறிப்புகளை வைத்துக்கொள்ளும். அவற்றைத் தாங்கும் இடம் ஃபேட்32இல் இல்லை என்பதால், தனியாக ஒரு துணைக் கோப்பில் எழுதி, மேக்கின் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடும். அதனால்தான் உங்கள் அண்ணன் மகன் அவற்றைப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் அந்தப் பெயரின் முடிவிலும் எம்பி3 என்றே இருக்கும். பிளேயர் அதையும் பாட்டு என்று எண்ணித் திறந்து, உள்ளே ஒலி இல்லாமல் திகைக்கும். சில கருவிகள் அத்துடன் நின்றுவிடுகின்றன. பல கருவிகள் தாண்டிப் போய்விடுகின்றன. விண்டோஸில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி, அவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து நீக்கிவிடுங்கள். பாட்டுக்கு ஒரு சேதமும் வராது. இருந்தாலும் அத்துடன் வேலை முடிந்தது என்று நின்றுவிட வேண்டாம்.

என் சந்தேகம் வளர்ந்துபோன அந்த அளவின் மேல்தான். நொடிக்கு 128 கிலோபிட் வேகத்தில் பதிந்த இரண்டு நிமிடப் பாட்டு 1.92 எம்பிதான் வர வேண்டும். அப்படியானால் மீதி 5 எம்பி பாட்டு அன்று. அண்ணன் மகன் சேர்த்த முகப்புப் படம். கைப்பேசிக் கேமராவில் எடுத்த படத்தை அளவு குறைக்காமல் அப்படியே ஒட்டியிருக்கிறார் என்று நினைக்கிறேன். எம்பி3 கோப்பில் தலைப்பு, பாடியவர் பெயர், படம் ஆகியவற்றை வைக்கும் பகுதிக்கு ஐடி3 குறிப்பு என்று பெயர். அதன் இரண்டாம் வகை கோப்பின் தலைப்பகுதியில், ஒலி தொடங்குவதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். பிளேயர் முதல் ஒலித்துணுக்கை அடைவதற்கே அந்த 5 எம்பியைத் தாண்டியாக வேண்டும். தாண்டுவதோடு விட்டால்கூடப் பரவாயில்லை. பட்டியல் தயாரிக்கும்போதே படத்தை விரித்துப் பார்க்கும் கருவிகளும் உண்டு. 4000 புள்ளி அகலமும் 3000 புள்ளி உயரமும் உள்ள படத்தை விரித்தால், புள்ளிக்கு 3 பைட் என்று கொண்டால், 3 கோடியே 60 லட்சம் பைட் வேண்டும். பாக்கெட்டில் அடங்கும் ஒரு கருவியின் வேலை நினைவகம் அதைத் தாங்குமா? அதே படத்தை 300க்கு 300 ஆகச் சுருக்கினால் 2 லட்சத்து 70 ஆயிரம் பைட் போதும். கட்டைவிரல் அகலத் திரைக்கு அதுவே அதிகம்.

படத்தின் அளவோடு இன்னொரு நுட்பமும் சேர்ந்துகொள்கிறது. எனக்கு இரண்டு மாதம் பிடிபடாமல் போனது இதுதான். ஐடி3 குறிப்பில் 2.3, 2.4 என்று இரண்டு பதிப்புகள் புழக்கத்தில் உள்ளன. உள்ளே ஒவ்வொரு கூறும் எவ்வளவு நீளம் என்பதை இரண்டும் வெவ்வேறு முறையில் எழுதுகின்றன. 2.3இல் அந்த எண் சாதாரணமாக எழுதப்படுகிறது, 2.4இல் 8 பிட் கொண்ட ஒவ்வொரு பைட்டிலும் 7 பிட் மட்டும் பயன்படுத்தப்படுகிறது. நீளம் 127க்குள் இருக்கும் வரை இரண்டு முறையிலும் ஒரே எண்தான் வரும். அதற்கு மேல் போனால் விடை மாறிவிடும். ஆகவே 2.4ஐச் சரியாக அறியாத பழைய கருவி, சிறு தலைப்புகளை ஒழுங்காகப் படித்துக்கொண்டே வந்து, பெரிய படம் இருக்கும் கூறை எட்டியதும் வழிதவறிவிடும். கணினியில் கேட்டால் எல்லாம் சரியாக ஒலிக்கும். பிளேயரில் மட்டும் நிற்கும். தமிழ்த் தலைப்பு வைப்பவர்களுக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் எழுத்துகளைக் கணினியில் பதியும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுத்துக்கொள்ளும். ஒற்றும் உயிர்மெய்யுமாக 45 குறிகள் சேர்ந்தாலே 127ஐத் தாண்டிவிடும். பாட்டின் முதல் அடியையே தலைப்பாக வைப்பது நம் வழக்கம் அல்லவா?

நான் சொல்வதை நம்பி எல்லாவற்றையும் மாற்றிவிடாதீர்கள். முதலில் எந்தக் கோப்புறை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 24 கோப்புறைகளில் பாதியை எடுத்துவிட்டு 12 கோப்புறைகளோடு கார்டைப் போட்டுப் பாருங்கள். கோடு நிறைந்தால் குற்றவாளி எடுத்து வைத்த பாதியில் இருக்கிறது. நின்றால் கார்டில் உள்ள பாதியில் இருக்கிறது. அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். அதிகம் போனால் ஐந்து சுற்றில் ஒரே கோப்புறைக்கு வந்துவிடுவீர்கள். கோடு எங்கே நிற்கிறது என்பதை வைத்து ஊகிக்க வேண்டாம். ஃபேட் முறைமையில் கோப்புறைகள் அகரவரிசைப்படி நிற்பதில்லை, ஏற்றிய வரிசைப்படி நிற்கின்றன. எடுத்து வைக்கும்போது அந்த வரிசை குலைந்துவிடும்.

கோப்புறை தெரிந்ததும், எம்பி3டேக் என்னும் மென்பொருளைக் கொண்டு, படியெடுத்த கோப்புகளில் மட்டும் இந்தத் திருத்தங்களைச் செய்யுங்கள். அமைப்புகளில் எழுதும் முறையை ஐடி3 2.3, யுடிஎஃப்-16 என்று மாற்றுங்கள். படத்தை 300க்கு 300 ஆகச் சுருக்குங்கள். சேமிக்கும்போது, மங்கலாகத் தொடங்கிப் படிப்படியாகத் தெளியும் ஜேபெக் வகையைத் தவிர்த்துச் சாதாரண வகையைத் தேர்ந்தெடுங்கள். சிறு கருவிகள் பலவற்றால் அந்த முதல் வகையைப் படிக்க இயலாது. இந்த மென்பொருள் குறிப்புப் பகுதியை மட்டுமே தொடும். ஒலியை மறுபடி சுருக்காது என்பதால் உங்கள் தந்தையாரின் குரலில் எந்த மாற்றமும் வராது.

நடுவில் அறுந்த அந்தக் கோப்பைப் பற்றிப் பயப்பட வேண்டாம். எம்பி3 ஒலி, 26 மில்லிநொடி அளவுள்ள சிறு சிறு துணுக்குகளாக அடுக்கப்பட்டது. கடைசித் துணுக்கு பாதியில் நின்றாலும் அதற்கு முந்தியவை ஒலிக்கும். கருவி நிற்பதற்கு அது காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

தேவிபட்டினம் நூலகர் எழுதியது:

தமிழ் எழுத்துகளால் ஒரு குழப்பம் வரக்கூடும் என்பதால் இதைச் சொல்கிறேன். மேற்கண்டபடி மாற்றிய பிறகு, திரையில் தலைப்புகள் கட்டங்களாகவோ கொம்பும் காலும் இடம் மாறியோ தெரிந்தால், திருத்தம் தவறிவிட்டது என்று எண்ண வேண்டாம். கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை, அல்லது எழுத்துகளைக் கோக்கும் திறன் இல்லை என்பதே அதன் பொருள். அதனால் கருவி நின்றுவிடாது. டிஸ்கி என்னும் பழைய தமிழ் எழுத்துக் குறியேற்றத்தில் தலைப்பிட்ட பாட்டுகள் என்னிடம் பல இருக்கின்றன. அவை புரியாத குறிகளாகத் தெரிகின்றனவே தவிர, ஒருமுறையும் கருவியை நிறுத்தியதில்லை. உங்கள் தந்தையார் திரையைப் பார்ப்பதில்லை என்பதால், கோப்பின் பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் கொடுத்துவிடுங்கள். எண் வரிசையில் பாட்டுகள் நின்றால் எத்தனை முறை பட்டனை அழுத்த வேண்டும் என்பது அவர் விரலுக்குப் பழகிவிடும்.

தங்கச்சிமடம் ஆசிரியை எழுதியது:

சரியாகிவிட்டது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இதே சிக்கலோடு பின்னால் வருகிறவர்களுக்குப் பயன்படக்கூடும்.

முதலில் புள்ளி அடிக்கோடு கோப்புகளை நீக்கினேன். அதன் பிறகும் கருவி நின்றது. ஆகவே அவை எங்கள் கருவிக்குக் காரணம் அல்ல. பிறகு கோப்புறைகளைப் பாதி பாதியாகப் பிரித்துப் பார்த்தேன். நான்காம் சுற்றில் இரண்டு கோப்புறைகள் எஞ்சின. ஐந்தாம் சுற்றில் அம்பாக் கோப்புறையில் வந்து நின்றது. அதில் உள்ள 46 கோப்புகளில் ஒன்றை மட்டும் கார்டில் வைத்துப் பார்த்தேன்; அதற்கே கருவி நின்றுவிட்டது. இன்னொன்றை வைத்தபோது கோடு நிறைந்தது. இரண்டையும் எம்பி3டேக்கில் திறந்து பார்த்தபோதுதான் விளங்கியது. நிறுத்திய கோப்பில் அப்பாவின் வள்ளத்தின் படம், கீழக்கரைச் சகோதரர் கணித்தபடி, 4000க்கு 3000 அளவில் இருந்தது. நிறுத்தாத கோப்பு நடுவில் அறுந்த அந்தப் பாட்டு. அது கெட்டுப்போன பதிவு என்று எண்ணி அண்ணன் மகன் அதற்கு மட்டும் படம் சேர்க்காமல் விட்டிருக்கிறான்.

படத்தின் அளவா, 2.4 பதிப்பா என்று அறிய ஆசைப்பட்டு, ஒரு கோப்பில் பதிப்பை மட்டும் மாற்றிப் படத்தைப் பெரிதாகவே விட்டேன், கருவி நின்றது. இன்னொன்றில் படத்தை மட்டும் சுருக்கிப் பதிப்பை 2.4 ஆகவே விட்டேன்; கருவி நிற்கவில்லை, ஆனால் பட்டியலில் அந்தப் பாட்டு தலைப்பில்லாமல் வந்தது. இரண்டையும் மாற்றிய கோப்பு எந்தக் குறையும் இல்லாமல் வந்தது. ஆகவே 46 கோப்புகளையும் 2.3க்கு மாற்றி, 45 படங்களையும் 300க்கு 300 ஆகச் சுருக்கி, முன்னால் எண்ணும் இட்டு ஏற்றினேன். 24 கோப்புறைகளும் உள்ள கார்டோடு கோடு மூன்றரை நிமிடத்தில் நிறைந்தது. நேற்று மறுபடியும் பாட்டு ஏற்றிக் கழற்றிப் பார்த்தேன்; நிற்கவில்லை. எழுதிய நால்வருக்கும் என் நன்றி. அண்ணன் மகனுக்குப் படத்தின் அளவை மட்டும் சொல்லியிருக்கிறேன். வள்ளத்தின் படத்தை நீக்க வேண்டாம் என்பது அப்பாவின் விருப்பம்.

அறுந்த பாட்டை நேற்று மாலை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். குரல் நின்ற இடத்தில், அடுத்து வரும் அடிகளை அவரே பாடி முடித்தார். அதைப் பதிவு செய்து, 47ஆம் எண்ணிட்டு, கார்டிலும் கணினியிலும் பென்டிரைவிலும் வைத்திருக்கிறேன்.